குடையா, போஞ்சோவா, மழைக்கோட்டா?

ஊட்டிக்காரரிடம் “22 டிகிரி, குளிருது” என்றால் சிரிப்பார். நனைந்த பருத்திச் சட்டையோடு சிங்கப்பூரின் மெக்ரிட்சி காட்டுக்குள் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும், பிறகு பேசலாம். டிசம்பரிலிருந்து ஜனவரி பாதிவரை நம்மூர் வடகிழக்குப் பருவமழை அப்படித்தான். வடக்கே இருந்து குளிர்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வேகமாக இறங்கினால் நாள்கணக்கில் விடாது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் கொட்டியது. ஜனவரி மாதம் முழுக்கப் பெய்ய வேண்டிய சராசரியைவிட அது அதிகம்.

இந்த மழையில் நடக்க நான் முதலில் வாங்கியது சவ்வு வைத்த மழைக்கோட்டு. முந்நூறு வெள்ளி. வெளியிலிருந்து தண்ணீர் வராது, உள்ளிருக்கும் வேர்வை ஆவியாக வெளியேறிவிடும் என்றார்கள். பொய்யில்லை, ஆனால் அது வேறு ஊருக்கான உண்மை. உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியே போகும். மழை நேரத்து மெக்ரிட்சியில் வெளிக்காற்றே தண்ணீர் குடித்துக் கிடக்கிறது, ஆவி எங்கே போகும்? ரேஞ்சர் நிலையத்தில் ஒதுங்கிக் கையைத் தொங்கவிட்டேன். மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்தியதும் சொட்டுச் சொட்டாக வடிந்தது. மழைத்தண்ணீர் இல்லை, உப்புக் கரித்தது. நடக்கும்வரை தெரியவில்லை. நின்ற ஐந்தாவது நிமிடம் முதுகு சில்லிட்டது.

தலைவழியே மாட்டிக்கொள்ளும் மழைப்போர்வையான போஞ்சோ இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. கீழே திறந்து கிடப்பதால் காற்று புகுந்து வெளியேறும், முதுகுப்பையும் சேர்ந்து மூடப்படும். தேசியச் சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சி முடித்த ஆண்களுக்கு அறிமுகமே வேண்டாம். இரண்டு போஞ்சோவை இணைத்து பாஷா கூடாரம் கட்டிப் படுத்தவர்கள் அவர்கள். பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் பச்சை நிறத்தில் கிடைக்கும். உபின் தீவில் முகாம் போட்டால் மழையில் சமைக்க அதையே கூரையாகக் கட்டிக்கொள்ளலாம், ஒரு சாமானுக்கு இரண்டு வேலை. குறை என்னவென்றால், இறக்கத்தில் உங்கள் பாதம் உங்களுக்கே தெரியாது. வேர்கள் குறுக்கே ஓடும் பாதையில் முன்பக்கத் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகாமல் நடந்து, நான் ஒருமுறை மண்டியிட்டு விழுந்தேன்.

குடை பிடித்துக் காட்டுக்குப் போவதா என்று என் மச்சானைக் கேலி செய்தேன். “மாமா, எனக்கு வேர்க்கலை, உங்களுக்கு?” என்றான். பதில் இல்லை. மெக்ரிட்சியின் லார்னி டிரெயில் மாதிரி அகலமான பாதையில், காற்றில்லாத மழையில், குடையை எதுவும் மிஞ்சாது. ஒற்றையடிப் பாதையில் கிளை மாட்டும். இடி கேட்டுவிட்டால் குடையோ கோட்டோ பேச்சே இல்லை: அங்குள்ள ஜெலுத்தோங் காட்சிக் கோபுரத்தில் நின்றால் இறங்கிவிட வேண்டும். மர உச்சி உயரத்தில் போகும் தொங்குபாலத்தை மழை வலுத்தால் பூங்கா ஊழியர்களே மூடிவிடுவார்கள்.

இவ்வளவும் 22 டிகிரிக் கணக்கு. மலேசியாவின் கினபாலு மலை ஏறப் போகிறவர்கள் இதை அப்படியே தலைகீழாகப் படிக்கவும். 4,095 மீட்டர் உச்சியில் விடியற்காலை சுழியத்தை ஒட்டிய குளிர், கூடவே காற்று. அங்கே போஞ்சோ பட்டமாகப் பறக்கும், குடை கையோடு நிற்காது. வெளிக்காற்று குளிர்ந்து கிடப்பதால் சவ்வும் சொன்ன வேலையைச் செய்யும்.

எதை மேலே போட்டாலும் உள்ளே பருத்தி மட்டும் வேண்டாம். காலுக்கு மலேசியாவின் ‘கம்போங் அடிடாஸ்’ கறுப்பு ரப்பர் காலணி போதும். சேற்றில் பிடிக்கும், தண்ணீர் புகுந்தால் கழற்றிக் கவிழ்த்துவிட்டு நடக்கலாம். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடப்பதாக இருந்தால் தடித்த காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் காலணிக்குள் மெத்தை என்று எதுவும் கிடையாது.