கார்மின் ஃபோர்ரன்னர் 255: காய்ச்சலும் காயமும் தாண்டி மலையில் மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு

ஊட்டியிலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு (2,637 மீ.) மூச்சு வாங்க ஏறினால், இந்த வாட்ச் பயிற்சிச் சுமையை (ஓட்டம் உடம்புக்குக் கொடுத்த உழைப்பின் கணக்கு) அள்ளிப் போடும். திரும்பி இறங்கும்போது அதே கணக்கு சுருங்கிவிடும். காரணம் எளிது: சுமையை இது இதயத் துடிப்பிலிருந்து கணக்கிடுகிறது. இறக்கத்தில் துடிப்பு குறையும். தொடைத் தசையோ நீண்டுகொண்டே எடையைத் தாங்கும். முழங்கால் சில்லுக்கு அடி விழுவதும் அங்கேதான். முழங்கால் வலியிலிருந்து மீள்கிறவருக்கு எது ஆபத்தோ, அதற்குத்தான் வாட்ச் குறைந்த மார்க் போடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பொருள் நல்லது. தெரியாமல் வாங்கினால் 'இன்னும் ஓடலாம்' என்று அது சொல்வதை நம்பிக் காலைக் கெடுத்துக்கொள்ள நேரும்.

மாற்று வழி வாட்சுக்குள்ளேயே இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதை வைத்து உயரத்தைக் கணக்கிடும் காற்றழுத்தமானி இருப்பதால் மொத்த இறக்கத்தை மீட்டரில் காட்டும். வாரத்துக்கு எத்தனை மீட்டர் இறங்கினோம் என்று தனியாக எழுதிவையுங்கள். முதல் சில வாரங்கள் ஏற்றத்தில் ஓடி, இறக்கத்தில் நடக்கலாம். இறக்கத்தின் வலி அன்றே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதனால் மூன்றாம் நாள் காலை வீட்டுப் படியில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த இறக்கத்தை முடிவு செய்வது நல்லது.

உயரக் கணக்கில் ஒரு வம்பு உண்டு. மழைக்காலத்தில் காற்றழுத்தம் இறங்கினால், நின்ற இடத்திலேயே நீங்கள் மலையேறியதாக வாட்ச் நினைத்துக்கொள்ளும். ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைக் கொடுத்துத் திருத்திவிடலாம். வியர்வை உப்பு சென்சார் துளையை அடைத்தாலும் எண் தாறுமாறாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் போதும், ஊசி போட்டுக் குத்த வேண்டாம்.

டிசம்பர் பனியில் மணிக்கட்டுத் துடிப்பு அளவை நம்பாதீர்கள். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த ஓட்டத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணும் வாட்சின் அடிப்பக்கப் பச்சை விளக்குக்குப் பிடிபட ஒன்றும் இருக்காது. அப்போது கை ஆட்டத்தையே துடிப்பாக எண்ணத் தொடங்கும். மெதுவாக ஓடும்போதே 170 என்று காட்டி, அந்த எண் உங்கள் காலடி எண்ணிக்கையோடு ஒட்டிப்போனால் இதுதான் விஷயம். இது எந்த மணிக்கட்டு வாட்சுக்கும் உள்ள குறை. எலும்பு முட்டுக்கு இரண்டு விரல் மேலே, இறுக்கமாக, ஜெர்கின் கைக்கு உள்ளே கட்டுங்கள். காய்ச்சலுக்குப் பின் துடிப்பை வைத்தே ஓடப்போகிறீர்கள் என்றால் மார்புப் பட்டை தனியாக வாங்குவது உசிதம். மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். காய்ந்த பட்டை முதல் பத்து நிமிடம் உளறும்.

உடல்நிலையைப் பொறுத்தவரை இதன் பலம் முன்னெச்சரிக்கைதான். தூங்கும்போது துடிப்பு இடைவெளி மாறுபாட்டை (ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை) அளந்து, சுமார் மூன்று வாரத்தில் உங்களுக்கான சராசரியைப் பிடித்துக்கொள்ளும். அது சரிந்து, ஓய்வுத் துடிப்பும் வழக்கத்தைவிட ஏறினால், தொண்டை கரகரக்கும் முன்பே ஏதோ வருகிறது என்று புரியும். ஆனால் படுத்த படுக்கையில் இருக்கும்போது வாங்கினால், அந்த நலிந்த இரவுகளையே சராசரியாக எடுத்துக்கொள்ளும். குணமாகி, நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகு கட்டுங்கள்.

காய்ச்சலில் படுத்துவிட்டால் முதல் வேலை, பயிற்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் 'பயிற்சி நிலை'யை 'பாஸ்' செய்வது (தற்காலிகமாக நிறுத்துவது). இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது. செய்யாவிட்டால் உங்கள் ஓய்வை 'பயிற்சி இழப்பு' என்று காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து அவசரப்படுகிறவர்கள் அதிகம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இருக்கும்வரை ஓட்டமே கூடாது. மூக்கொழுகல் மட்டும் என்றால் மெல்ல ஓடலாம்.

வாட்சுக்குத் தெரியவே தெரியாத ஒன்று மருந்துச் சீட்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் குதிகால் நாணைப் பலவீனப்படுத்தலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-லேயே கட்டமிட்ட எச்சரிக்கை போட்டது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாரத்தான் பயிற்சி எடுப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூடப் பாதிப்பு வரலாம். குதிகாலுக்கு மேலே வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

திரும்ப ஆரம்பிக்க, எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்று சொல்லும் 'ரன்/வாக்' அலாரம்தான் இந்த வாட்சில் நமக்குப் பிடித்தது. ஓட்டப் பக்கத்தில் அப் பட்டனை அழுத்திப் பிடித்து, அலர்ட் பகுதியில் சேர்க்கலாம். 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று தொடங்கி 4-க்கு 1 வரை போகலாம். தொடுதிரை கிடையாது, ஐந்து பட்டன்கள். உல்லன் கிளவுஸ் போட்ட விரலுக்கு அதுவே வரம்.

மாரத்தான் நேரக் கணிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2,200 மீட்டர் உயரத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடுதலாக இருப்பதால், உங்கள் திறனைக் குறைத்து மதிப்பிடக்கூடும். பாதியில் விட்டுப்போன 30 கி.மீ. ஓட்டங்களை அந்த எண் ஈடுகட்டவும் செய்யாது.

பேட்டரிக்குக் குறையில்லை: ஜிபிஎஸ்ஸில் 30 மணி நேரம், செயற்கைக்கோள் சிக்னலை ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் பிடிக்கும் பல அலைவரிசை முறையில் 16 மணி நேரம் என்கிறது நிறுவனம். கற்பூர மரங்களுக்கு அடியிலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது முறையை வையுங்கள். மெல்லிய மணிக்கட்டுக்கு இதன் சிறிய வடிவமான 255எஸ் பொருந்தும். எடை 39 கிராம், பெரியது 49.

போட்டிக்குச் சென்னை போன்ற சமவெளி ஊருக்கு இறங்குகிறவர்கள் ஒவ்வொரு கி.மீ.க்கும் தானாகவே நேரத்தைக் குறிக்கும் தானியங்கி லேப்பை அணைத்துவிடுங்கள். வளைவுகளை அகலமாக எடுப்பதால் வாட்ச் 42.195-ஐத் தாண்டிக் காட்டும். அதன் வேகத்தை நம்பினால் கோட்டுக்குத் தாமதமாகத்தான் வருவீர்கள். பாதையோரம் 5 கி.மீ. பலகை வரும்போதெல்லாம் லேப் பட்டனைக் கையால் அழுத்துங்கள். புழுக்கத்தில் துடிப்பு தானாகவே ஏறும் என்பதால், வேகத்துக்குப் பதில் துடிப்பு உச்சவரம்புக்கு அலாரம் வைத்து, அது அலறினால் அடுத்த தண்ணீர் மேசை வரை நடங்கள்.