கொழும்பு வெக்கையில் ஒரு சின்னக் கேமிங் கணினி: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

நான் கட்டிய முதல் சிறிய கேமிங் கணினி வெள்ளவத்தையில், கடல் பக்கம் பார்த்த ஒரு மாடி அறையில் இரண்டு வருடத்துக்கு மேலாக ஓடுகிறது. ஏசி இல்லாத அறை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சிறிய கணினிகள் பற்றி வரும் வீடியோக்களில் பல, 20, 22 பாகை குளிர்ச்சியான அறையில் சோதித்தவை. கொழும்பில் வருடம் முழுக்கப் பகல் வெப்பம் 30 பாகையைச் சுற்றித்தான். சூரியன் நேரே உச்சிக்கு வரும் ஏப்ரல் மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணினிக்குள் போகிற காற்றே 30 பாகை என்றால், அங்கே 75 காட்டும் கிராபிக்ஸ் கார்ட் இங்கே 85ஐத் தொடும். சிறிய பெட்டி கட்ட நினைக்கும் நம் ஊர்க்காரர் எதையும் வாங்கும் முன் இந்தக் கணக்கைத்தான் போட வேண்டும்.

பெட்டியை அப்படித்தான் தெரிவு செய்தேன். டான் ஏ4, ஃபோர்ம்டி டி1 போன்ற 10 லீற்றருக்குக் குறைந்த பெட்டிகள் சரியான வடிவு, ஆசை வராமல் இருக்காது. ஆனால் டான் ஏ4க்குள் ப்ரொசசர் கூலரின் உயரம் 48 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. இந்த வகைப் பெட்டிகளில் கிராபிக்ஸ் கார்ட் மதர்போர்டின் முதுகுப் பக்கம் இருக்கும், இரண்டையும் ரைசர் கேபிள் இணைக்கும். பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (கார்டைப் போர்டோடு இணைக்கும் முறை) கேபிளில் நான்காம் தலைமுறைக் கார்டைப் பூட்டினால், பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) வேகத்தைக் குறைக்கும்வரை திரையில் படமே வராமல் போகலாம். 2021இல் என்இசட்எக்ஸ்டி எச்1 பெட்டியைத் திரும்பப் பெற்றதும் ரைசர் பகுதியின் ஸ்க்ரூவால் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால்தான். முதல் முறை கட்டும் எனக்கு அந்தக் கவலை தேவையில்லை என்று முடிவெடுத்தேன்.

எடுத்தது கூலர் மாஸ்டர் என்ஆர்200பி. 18 லீற்றர் சொச்சம். சிறிய பெட்டிகளில் இது பெரியதுதான், ஆனாலும் என் மேசையில் மொனிட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கார்ட் நேரே போர்டில் பூட்டப்படும், ரைசர் வேண்டாம். கார்டுக்குக் கீழே இரண்டு 120 மில்லிமீற்றர் ஃபேன் போட இடம் உண்டு. கண்ணாடிக் கதவு, துளையிட்ட கதவு இரண்டும் பெட்டியோடு வரும். கொழும்பில் இருப்பவர்கள் தயவுசெய்து கண்ணாடியை அட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

உள்ளே ரைசன் 5 7600 ப்ரொசசர், இரண்டு ஃபேன் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4070, 32 ஜிபி டிடிஆர்5, 750 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சிறிய அளவு) பவர் சப்ளை, நொக்டுவா யு9எஸ் கூலர். இதன் வேகமான வகையான 7600எக்ஸ் 105 வாட், 7600 வெறும் 65 வாட். கேமில் இரண்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லாதபோது, அந்த மேலதிகச் சூட்டை ஏன் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் பெரிய போர்டுகள் வேண்டிய மட்டும் கிடைக்கும். 17 சென்ரிமீற்றர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்ட் கேட்டால் கதை வேறு. “அண்ணா, அது ஓர்டர் பண்ணித்தான் எடுக்கலாம், மைக்ரோ ஏடிஎக்ஸ் எடுங்களேன், விலையும் குறைவு” என்றார் ஒரு கடைத் தம்பி. அவர் சொன்னது நியாயம்தான். ஐடிஎக்ஸ் போர்டுக்குக் கூடுதல் பணம் போகும், ரேம் இடமும் இரண்டே இரண்டு. ஆகவே முதல் நாளே இரண்டு 16 ஜிபியாக எடுத்துவிடுவது நல்லது. கிடைக்கக் கடினமான போர்டையும் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையையும் முதலில் உறுதி செய்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம், விலை கடிக்கத்தான் செய்யும். இருந்தாலும் உத்தரவாதத்துக்காகப் பெரிய பாகங்களை இங்கேயே வாங்குவதுதான் என் விருப்பம்.

பூட்டுவது ஒரு மாலை வேலை. ப்ரொசசருக்கான மின் கேபிளைப் பவர் சப்ளையைப் பூட்டும் முன்பே மேலே கொண்டுபோய்விடுங்கள், அப்புறம் விரல் நுழையாது.

பெட்டியை உண்மையில் வாழவைப்பது பூட்டிய பின் செய்யும் அமைப்புத்தான். கீழ் ஃபேன்கள் காற்றை உள்ளே இழுக்கின்றன, மேல் ஃபேன்கள் வெளியே தள்ளுகின்றன. சூடான காற்று தானாகவே மேலே போகும் என்பதால் இந்த வழி அதற்கு உதவி. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 4070இன் மின் எல்லையை 75 வீதத்துக்கு இறக்கினேன். 200 வாட் கார்ட் 150 வாட்டில் ஓடுகிறது. ஃபிரேம் ரேட் கொஞ்சம் குறையும், விளையாடும்போது அது தெரிவதில்லை. ஃபேன் சத்தமோ நன்றாகவே அடங்கிவிட்டது. ஃபிரேம் ரேட்டை மொனிட்டரின் வேகத்துக்கு மேல் போகாமல் கட்டினேன். ப்ரொசசருக்கு பயோஸில் கேர்வ் ஒப்டிமைசர் மூலம் வோல்டேஜைக் குறைத்தேன். இதில் எதற்கும் ஒரு சதம் செலவில்லை, புதுக் கூலர் வாங்குவதைவிடப் பலன் அதிகம். அறையும் புழுங்குவதில்லை. சின்ன அறையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

கடற்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பு ஈரத்தோடு சேர்ந்த தூசு, காற்று உள்ளே போகும் வடிகட்டி வலையில் பசை மாதிரி ஒட்டுகிறது, உலர்ந்த துணியால் போகாது. வலையைக் கழற்றித் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்தே பூட்டுகிறேன். பின்பக்க ஸ்க்ரூக்களில் லேசான துரு வந்துவிட்டது. உள்ளே போர்டில் இதுவரை ஒன்றுமில்லை. அடிக்கடி ஓடும் கணினியின் உட்பக்கம் இளஞ்சூடாக இருப்பதால் ஈரம் படியாது. மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் கெடுதல்.

யூபிஎஸ் இல்லாமல் இங்கே கேமிங் கணினி வைக்க வேண்டாம். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு மோதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோது கணினி ஓடிக்கொண்டிருந்தது, ஒழுங்காக மூட நேரம் கிடைத்தது. அடுத்தடுத்த நாட்களிலும் மின்வெட்டு. மின் எல்லையைக் குறைத்திருப்பதால் யூபிஎஸ்ஸும் கூடுதல் நேரம் தாங்குகிறது. வாங்கும்போது வீட்டுக் கரண்ட் போலச் சுத்தமான சைன் அலை தருவதாகப் பாருங்கள். நல்ல பவர் சப்ளைகள் சில, மலிவான யூபிஎஸ்ஸின் படிக்கட்டு அலையை ஏற்காமல் அணைந்துவிடும்.

குறைகளும் உண்டு. முன்பக்கம் டைப்-சி இல்லை. இரண்டாவது எஸ்எஸ்டி என் போர்டின் முதுகில், காற்றே படாத இடத்தில் இருப்பதால் சூடாகிறது. அதில் படங்களையும் பழைய கோப்புகளையும் மட்டும் வைத்து, கேம்களை முன்பக்க எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன்.

என் போர்டில் ப்ரொசசரைப் பூட்டும் ஏஎம்5 சொக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆகவே அடுத்து மாறப்போவது ப்ரொசசர் மட்டும்தான். 7800எக்ஸ்3டி 120 வாட் என்று போட்டிருந்தாலும் கேமில் அதைவிட மிகக் குறைவாகவே இழுக்கும், இதே யு9எஸ் போதும். பயோஸை மட்டும் முதலில் புதுப்பிக்க வேண்டும்.