பழைய பொலேரோ பிக்கப்: கசிவு எங்கிருந்து வருகிறது?

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் ஏற்றி உழைத்த பொலேரோ பிக்கப் இன்னும் நல்ல வண்டிதான். ஆனால் இன்ஜினைக் கழுவிப் பளபளவென நிறுத்தியிருந்தால் அன்றே விலை பேசாதீர்கள். இருபது நிமிடம் ஓட்டி, அடியில் அட்டை விரித்துப் பாருங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். எண்ணெய் ஈரத்தில் செம்மண் புழுதி அப்பிய இடங்களில் மிக உயரத்தில் இருப்பதே கசிவின் ஊற்று.

இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் டேப்பெட் கவர் கேஸ்கெட் என்றால் சின்னச் செலவு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் சொட்டினால் இன்ஜினின் சுழல்தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் பின்பக்க கிராங்க் ஆயில் சீலாக இருக்கலாம். கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், கிளட்ச் பிளேட்டும் நனைந்திருக்கலாம்.

வண்டி நின்றபடி இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்கள். புகை வேகமாகக் குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த ரிங் வழியே இன்ஜினுக்குள் இறங்கும் வாயுவின் அழுத்தம் புதுச் சீலையும் தள்ளிக் கசியவைக்கும். அந்த வண்டி வேண்டாம்.