வயிற்றை உள்ளே இழுக்கச் சொல்வதா, சுற்றிலும் இறுக்கச் சொல்வதா?

எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டோ, தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட்டோ, "வயித்தை டைட் பண்ணுங்க" என்று சொல்லாத ஜிம் மாஸ்டர் இல்லை. அதைக் கேட்டு ஒருவர் தொப்புளை உள்ளே இழுக்கிறார், ஒருவர் வயிற்றை முன்னால் தள்ளுகிறார், இன்னொருவர் மூச்சை அடக்கிக்கொண்டு தோளைத் தூக்குகிறார். சொன்னது ஒன்றுதான், ஆளுக்கொன்று செய்கிறார்கள். இதில் எதைச் சொல்லிக்கொடுக்கிறோம், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில் அவர்களுடைய முதுகு அடங்கியிருக்கிறது. அதனால் முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

உள்ளே இழுக்கும் முறைக்கு ஆய்வுப் பின்னணி உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996இல் ஒன்றைக் காட்டினார்கள். கையை அசைப்பதற்குச் சற்று முன்பே வயிற்றின் ஆழத்தில் குறுக்காக ஓடும் தசை வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதுகுவலி உள்ளவர்களுக்கு அது தாமதமாகிறது. அந்தத் தசையைத் தனியாக எழுப்பத்தான் தொப்புளை மெல்ல உள்ளே இழுக்கும் பயிற்சி வந்தது. பிசியோதெரபி அறையில் இருந்தவரை சரி. அது பார்பெல் தூக்கும் இடத்துக்கு வந்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில். வயிறு, விலா, முதுகு என எல்லாத் தசைகளையும் ஒருசேர இறுக்கு, வயிற்றை உள்ளேயும் இழுக்காதே, வெளியேயும் தள்ளாதே என்பது அவர் பக்கம். அவரும் சில்வன் கிரெனியரும் 2007இல் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது, சுற்றிலும் இறுக்குவதுதான் முதுகெலும்புக்குக் கூடுதல் உறுதி தந்தது. காரணம் எளிது. கம்பத்தை நிறுத்தக் கயிறுகளைத் தள்ளித் தள்ளி முளையடித்துக் கட்டினால்தான் அது அசையாது. கம்பத்தடிக்கே கொண்டுவந்து கட்டினால் பிடிப்பு போய்விடும். வயிற்றை உள்ளே இழுக்கும்போது தசைகளுக்கு அதுதான் நடக்கிறது.

ஆகவே எடை தூக்குபவருக்கு இறுக்கும் முறைதான். இனி அதை எப்படிப் புரியவைப்பது?

"வயித்துல குத்தப் போறேன்னு நினைச்சுக்கோங்க" என்பது பலரும் சொல்வது. இளவயதுப் பையன்களிடம் ஓரளவு பலிக்கும். ஆனால் பெரும்பாலானோர் முன்வயிற்றை மட்டும் இறுக்கி, நெஞ்சைக் கீழே வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கவாட்டுத் தசைகளுக்குச் சேதியே போயிருக்காது.

இருமலும் விரலும் இதைவிட நம்பகமானவை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மெத்தென்ற இடம் இருக்கிறது. கட்டைவிரல் முதுகுப்பக்கம், மற்ற விரல்கள் முன்பக்கம் என்று அவர்களையே அங்கே பிடிக்கச் சொல்ல வேண்டும். "இப்ப லேசா இருமுங்கம்மா, விரல்ல என்ன தெரியுது?" என்றால், "பக்கமெல்லாம் கெட்டியாகி வெளிய தள்ளுது தம்பி" என்று பதில் வரும். அவ்வளவுதான், பாதிப் பாடம் முடிந்தது. அடுத்து இருமாமலே அந்தக் கெட்டித்தன்மையை வரவழைத்து, அப்படியே வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். குரல் வந்தால் மூச்சு அடைபடவில்லை. அவரவர் கையே அவரவர் உடலைத் தொடுவதால் ஆண் பயிற்சியாளரிடம் கற்கும் பெண்களுக்கும் கூச்சம் இருக்காது. நம் ஊர் ஜிம்களில் இது சின்ன விஷயமில்லை.

நின்றபடி வராவிட்டால் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிச் செய்யலாம். அது பிடிபட்டதும் டெட்பக் (மல்லாந்து படுத்து எதிரெதிர்க் கையையும் காலையும் மெல்ல இறக்கும் பயிற்சி), அப்புறம் ஒரு டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட்.

எடை தூக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அது உணர்த்தும், உண்மைதான். இறுக்கத் தெரிந்தவருக்கு அது உதவி. தெரியாதவருக்கு முதல் நாளே கட்டிவிட்டால் பெல்ட்டை நம்பி எடையைக் கூட்டுவார், அது ஆபத்து.

மூச்சை அடக்குவதில் ஒரே விதி எல்லோருக்கும் பொருந்தாது. தன் உச்ச எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தூக்கும்போது யாராக இருந்தாலும் மூச்சு தானாக ஒரு கணம் நிற்கும். நல்ல உடல்நலமுள்ள, பழகிய ஆளுக்கு அது தப்பில்லை. ஆனால் 1985இல் கனடாவில் கனமான லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் பயிற்சி) செய்தபோது ரத்தக்குழாயில் நேரடியாக அளந்ததில், மேல் அளவு ரத்த அழுத்தம் சராசரியாகவே 300ஐத் தாண்டியது. பிபி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவரின் ஒப்புதல் முதலில். அப்புறமும் எடை குறைவு, தூக்கும்போது மூச்சை வெளியே விடும் பழக்கம், இவைதான்.

உள்ளே இழுக்கும் முறையை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைகளை மறுபடி உணரவே திணறும் பெண்ணுக்கு பிசியோதெரபிஸ்ட் அதிலிருந்து தொடங்கினால் நாம் குறுக்கே போகக் கூடாது. எடையைக் கையில் எடுக்கும் கட்டம் வந்ததும் இறுக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இறுக்கத்தின் அளவையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும். தரையில் கிடக்கும் பையை எடுக்க லேசான இறுக்கம் போதும், கனமான டெட்லிஃப்ட்டுக்கு முழுசாக வேண்டும். நாள் முழுக்க வயிற்றை இறுக்கிக்கொண்டே நடக்கச் சொல்வது முதுகுக்குத் தேவையில்லாத சுமை. வாரம் ஒருமுறை, மூன்றாவது செட்டின் நடுவில் விரலைப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். களைத்த பிறகும் அங்கே கெட்டியாக இருந்தால் எடையைக் கூட்டலாம். தளர்ந்திருந்தால் எடையைக் குறைக்க வேண்டும்.