85 செ.மீ. எலும்புக்கூடு மாதிரி: தனிப்பயிற்சி ஆசிரியை ஒருவரின் மதிப்பீடு

வேலூர் ஆற்காடு சாலையில், சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளுள் ஒன்றில், 85 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் எலும்புக்கூடு மாதிரி ஒன்றையும், நீளவாக்கில் பிளந்து காட்டிய தொடையெலும்பு மாதிரி ஒன்றையும் சென்ற ஜூன் மாதம் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 4,100 ரூபாய் ஆயின. குடியாத்தம் பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, உள்ளே இருப்பது என்னவென்று கேட்ட நடத்துநர், பதிலைக் கேட்டதும் சுமைக் கட்டணத்தை மறந்து நகர்ந்துவிட்டார்.

வீட்டிலேயே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விலங்கியல் சொல்லித் தருகிறேன். எலும்பும் தசையும் முதலாண்டுப் பாடம். நோய்த்தடைக்காப்பு அடுத்த ஆண்டுப் பாடம். இடையே ஓராண்டு கடந்துவிடுவதால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு துறைகள் இவை என்றே பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். ஆகவே இந்த ஒரே மாதிரியை வைத்து இரண்டு பாடத்தையும் நடத்த முடிகிறதா என்பதையே இதன் தகுதிக்கு அளவுகோலாகக் கொண்டேன்.

முதல் நாளே ஒரு சிக்கல் எழுந்தது. வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள் என்று மனப்பாடம் செய்திருந்த மாணவர்கள், மாதிரியைக் கிடத்தி எண்ணத் தொடங்கினார்கள்; எத்தனை முறை எண்ணியும் கணக்கு 206-ஐத் தொடவில்லை. காதுக்குள் பக்கத்துக்கு மூன்றாக இருக்க வேண்டிய ஆறு சிற்றெலும்புகளும், தொண்டையில் வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் நிற்கும் ஹயாய்டு எலும்பும் இதில் அறவே இல்லை. மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டுள்ளன. கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "இந்த சைசுல எல்லா மாடலும் இப்படித்தான் டீச்சர் வரும்" என்றார். அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆயினும், இல்லாதவை எவை என்று தேடியதில்தான் பிள்ளைகளுக்கு அந்த எண் புரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொடையெலும்பு மாதிரியில் உள்ள பிழை இதைவிடப் பெரியது. நடுத்தண்டு முழுவதையும், இரத்த அணுக்களை உருவாக்கும் சிவப்பு மஜ்ஜையாக வண்ணம் தீட்டிவிட்டார்கள். குழந்தைப் பருவத்தில் அது சரி. வளர்ந்தவர்களின் தொடைத்தண்டில் இருப்பது கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜை. சிவப்பு மஜ்ஜை பெரும்பாலும் இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு, மண்டையோடு ஆகியவற்றிலும் தொடையெலும்பின் மேல்முனையிலுமே எஞ்சியிருக்கும். மஜ்ஜைப் பரிசோதனைக்கு இடுப்பில் ஊசி செலுத்துவதன் காரணமும் அதுவே. மகளின் போஸ்டர் கலர் மஞ்சளை எடுத்து நடுத்தண்டின் மேல் நானே பூசிவிட்டேன்.

வண்ணத்தைத் திருத்திய பிறகு மாதிரி தன் வேலையைச் செய்தது. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் யாவும் மஜ்ஜையிலிருந்தே புறப்படுகின்றன என்பதையும், அவற்றுள் டி அணுக்களாக வேண்டியவை மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குச் சென்று பக்குவப்படுகின்றன என்பதையும் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. விலாக்கூட்டுக்குள் ஒரு துண்டுப் பஞ்சை ஒட்டித் தைமஸ் என்றேன். பருவ வயதுக்குப் பின் அது சுருங்கும் என்று சொன்னதும், ஒரு மாணவி பஞ்சைப் பாதியாகப் பிய்த்துவிட்டாள்.

நான் அதிகம் பயன்படுத்துவது கையைத்தான். என் தாயாருக்கு ஒன்பது ஆண்டுகளாக முடக்குவாதம். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் வரை பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக்கூட விரல் மடங்காது. முழங்கால் தேய்மானத்தையும் இந்நோயையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். தேய்மானம் குருத்தெலும்பில் தொடங்குவது, முடக்குவாதமோ மூட்டின் உள்ளுறையைத் தன் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே தாக்குவது. மாதிரியில் விரல் மூட்டு வெறும் கம்பியாக இருப்பதால், பலூனை வளையமாக வெட்டி விரலின் அடிமூட்டில் மாட்டி, இதுவே சைனோவியல் சவ்வு என்றேன். வீங்கித் தடித்த சவ்வு குருத்தெலும்பின் மேல் படர்கிறது. அங்கே திரளும் அணுக்கள் விடுக்கும் செய்திகளால் தூண்டப்பட்டு, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பெருகி விளிம்பை அரிக்கின்றன. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜும் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்டும் மஜ்ஜையின் ஒரே மரபில் பிறந்த பங்காளிகள் என்ற இடத்தில்தான் இரண்டு பாடங்களும் ஒன்றாகின்றன. நகத்தையொட்டிய கடைசி மூட்டை இந்நோய் பெரும்பாலும் விட்டுவிடும் என்றபோது, மாணவர்கள் திரும்பி அம்மாவின் கையைப் பார்த்தார்கள். அவரும் நீட்டிக் காட்டினார்.

முழங்கை உட்புறத்தில் அல்நார் நரம்பு செல்லும் பள்ளம் தெளிவாக வார்க்கப்பட்டிருப்பது இம்மாதிரியின் நல்ல அம்சம். நம் மாவட்டத்து ஆசிரியருக்கு இது தேவை. தொழுநோய்க் கிருமி இந்நரம்பைப் பிடிக்கும்போது, சேதத்தின் பெரும்பங்கு கிருமியைவிட அதற்கு எதிராக எழும் நோய்த்தடை வினையால் நேர்வதுண்டு. நரம்பு செயலிழந்தால் உள்ளங்கையின் சிறுதசைகள் மெலிந்து விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நன்றாக இயங்கும் தசையின் தசைநாணை இடம் மாற்றித் தைத்து அத்தகைய கைகளை மீண்டும் வேலை செய்ய வைத்தார். காட்பாடிக்கு அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையைக் கடந்து போகும் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகச் செய்தியாக இருக்கலாகாது.

தசை எதுவும் மாதிரியில் இல்லை. மேற்கையில் முன்னும் பின்னும் ரப்பர் பேண்டு கட்டி, ஒன்று சுருங்கும்போது மற்றது தளர்வதைக் காட்டிச் சமாளிக்கிறேன். வேலூர் வெயிலில் அது இரண்டு வாரம் தாங்குவதே பெரிது. பிளாஸ்டிக் நாற்றம் போகவும் பத்து நாள் ஆனது.

பள்ளி மாணவர்களுக்கு இது போதும். இயன்முறை மருத்துவம், செவிலியம் படிப்போர் இதை வாங்க வேண்டாம். எலும்புகளைத் தனித்தனியாகக் கோத்த கை மாதிரி ஒன்றை அதே கடையில் பார்த்தேன். மணிக்கட்டு வேண்டுமென்றால் அதையும் சேர்த்து வாங்குங்கள், தொடையெலும்பை விட்டுவிடுங்கள். வலது முழங்கால் திருகு இரண்டு மாதத்தில் கழன்றது. கடைக்காரர் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார், அதுவும் கழன்றது. மூன்றாம் முறை எங்கள் தெரு சைக்கிள் கடையில் ஒரு வாஷர் போட்டு முடுக்கி வாங்கினேன். இன்றுவரை அசையவில்லை.