ஐசியூவில் கலோரி: கணக்கா, கருவியா?

நோயாளிக்கு நாளொன்றுக்கு எத்தனை கலோரி உணவு தருவது? சென்னையில் பல ஐசியூக்களில் இன்றும் எடையை வைத்துத்தான் கணக்கு. கிலோவுக்கு 25 கலோரி என்றால் 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 1500. செலவில்லை, நிமிடத்தில் முடியும். ஆனால் எந்த எடை? செப்சிஸில் (கிருமித் தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நீர் கோத்து வீங்கினால் அதே ஆள் 72 கிலோ காட்டுவார். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து 300 கலோரி டியூபில் போகும். எடை, உயரம், வயது, பாலினத்தை வைத்துக் கலோரித் தேவையைக் கணிக்கும், 1919-இல் வந்த ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரமும் ஆரோக்கியமானவர்களை அளந்து எழுதியதுதான்.

இன்டைரக்ட் கலோரிமெட்ரி என்ற கருவிமுறை, வென்டிலேட்டர் (செயற்கை சுவாசக் கருவி) வழியே போய்வரும் மூச்சில் ஆக்சிஜன் செலவையும் கார்பன் டை ஆக்சைடு வரவையும் அளந்து, உடல் எரிக்கும் கலோரியைச் சொல்கிறது. காய்ச்சல், மயக்க மருந்து இவற்றால் கலோரிச் செலவு கூடுவதும் குறைவதும் அதிலேயே தெரிந்துவிடும். விலைதான் அதிகம், குழாயில் காற்று கசிந்தால் அளவை நம்ப முடியாது.

கருவி இருந்தால் என் ஓட்டு அதற்கே. இல்லையா, சரி, நோய்க்கு முந்தைய எடையை வீட்டாரிடம் கேட்டுக் கணக்குப் போடலாம். முதல் சில நாள் முழு அளவும் வேண்டாம்.