காதர்பேட்டை 34-ஆம் நம்பர் ராக்லன் பனியன்: துணி ஓகே, பிரிண்ட்டைப் பார்த்து எடுங்க

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று தொங்கும் பேஸ்பால் பனியன்களில், பந்து எறிவதில் பேர்போன அமெரிக்க ஆட்டக்காரர் நோலன் ரயன் பெயர் போட்டது அடிக்கடி கண்ணில் படும். வெள்ளை பாடி, நேவி புளூ முக்கால் கை, முதுகில் பெரிதாக 34. கொடுக்கிற காசுக்குத் துணியும் தையலும் தகும். சறுக்குவது பிரிண்ட்டில்தான். அது ரப்பர் வெடிக்கிற விஷயம் மட்டுமில்லை, ஆளுடைய வரலாற்றையே மாற்றி அடித்துவிடுகிறார்கள்.

முதலில் துணி. நல்ல லாட்டில் வருவது 24-ஆம் நம்பர் கோம்டு நூலில் (சீவிச் சுத்தம் செய்த நூல்) ஓடிய சிங்கிள் ஜெர்சி, 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பக்கம் நிற்கும். அதைவிட மெல்லிய 30-ஆம் நம்பர் நூல் என்றால் 150, 160 தான் வரும்; வெள்ளை பாடியில் உள்ளே போட்டிருப்பது தெரியும். பக்கத்தில் ஜி.எஸ்.எம். கட்டர் இருந்தால் 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டி, கிராம் எடையை நூறால் பெருக்குங்கள். கடையில் அதற்கு யாரும் விடமாட்டார்கள், ஆகவே கையை உள்ளே விட்டு விரல் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தாலே போதும்.

ராக்லனில் தோள் தையலே கிடையாது. கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும் தையல், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கையைத் தலைக்கு மேல் சுழற்றி பந்து எறிகிற பிட்சருக்குத் தோள் முனையில் தையல் உறுத்தாது, பாடியும் மேலே அதிகம் ஏறாது. ஆனால் சாய்வில் வெட்டிய துணி ஓவர்லாக்கில் இழுபடும். மெஷினில் துணி இழுபடாமல் தள்ளிக்கொடுக்கும் டிஃபரென்ஷியல் ஃபீடைச் சரியாக வைக்காத லைனில் ஓடிய பீஸ் என்றால் அந்தத் தையல் அலை அலையாக நிற்கும். எத்தனை அயர்ன் போட்டாலும் படியாது. அடுத்து அக்குளைத் திருப்பிப் பாருங்கள். நான்கு தையலும் ஒரே புள்ளியில் கூட வேண்டும். கால் இஞ்ச் தள்ளியிருந்தால் பரவாயில்லை. அங்கே நூல் விட்டிருந்தால் மட்டும் எடுக்காதீர்கள், கிழிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

சைடு தையல் முன்பக்கம் திரும்பி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நூலின் முறுக்கினால் வருவது அது. துணியை முன்கூட்டியே சுருக்கி அழுத்தும் காம்பாக்டிங்கில் நீளச் சுருக்கம் குறையுமே தவிர இந்தத் திருகல் போகாது. துவைக்கத் துவைக்கக் கூடத்தான் செய்யும்.

வெள்ளையும் நேவியும் ஒரே பீஸில் இருப்பதால் சாயம் இறங்குவது பெரிய ஆபத்து. டையிங்கில் சோப்பிங் (ஒட்டாத சாயத்தைக் கழுவி எடுப்பது) சரியாக நடக்காத துணி என்றால் முதல் துவைப்பிலேயே வெள்ளை பாடி நீலம் பூத்துவிடும். கர்ச்சீப்பை நனைத்துப் பனியனின் நேவி கையின் உள்பக்கம் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால், "சாயம் நிக்குமான்னு பாக்கறனுங்க" என்றால் விட்டுவிடுவார்.

இனி பிரிண்ட். இரண்டு கையாலும் லேசாக இழுங்கள். 34-இல் மயிரிழை விரிசல் விழுந்தால், ரப்பர் மாதிரி நிற்கும் பிளாஸ்டிசால் மையைச் சரியாக வேகவைக்கவில்லை என்று அர்த்தம். சாதாரண பிளாஸ்டிசாலுக்கு மை முழுக்க 160 டிகிரி பக்கம் சூடேற வேண்டும். அவசர ஆர்டரில் கியூரிங் பெல்ட்டை வேகமாக ஓட்டினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதைவிடக் கடுப்பேற்றுவது நம்பர். ரயன் 1968 முதல் 1971 வரை மெட்ஸ் அணியில் ஆடியபோதும், 1972 முதல் 1979 வரை ஏஞ்சல்ஸ் அணியில் ஆடியபோதும் போட்டது 30. 1980-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குப் போன பிறகு 34. 1989 முதல் 1993 வரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸிலும் அதே நம்பர். ஆகவே மார்பில் ஏஞ்சல்ஸ் சின்னமான ஒளிவட்டம் மாட்டிய 'ஏ', முதுகில் 34 என்று இருந்தால் டிசைன் போட்டவர் கவனிக்கவில்லை என்று பொருள். ஏஞ்சல்ஸ் 30-க்கும் மற்ற இரண்டு அணிகளும் 34-க்கும் ஓய்வு கொடுத்திருக்கின்றன, அதாவது வேறு ஆட்டக்காரருக்கு அந்த நம்பர் கிடையாது.

நோ-ஹிட்டர் ஆண்டுகளை வரிசையாக அடித்த பீஸும் உண்டு. எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு பேஸுக்குப் போய்ச் சேர்வது) விடாமல் முழு ஆட்டத்தையும் முடிப்பதுதான் நோ-ஹிட்டர். ரயன் எடுத்தது ஏழு. 1973-இல் இரண்டு, பிறகு 1974, 1975, 1981, 1990, 1991. பட்டியலில் 1973 ஒரே தடவை இருந்தால் ஆறுதான் வரும். கீழே ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) எண்ணிக்கை 5,714 என்று இருக்க வேண்டும்.

1999 என்று போட்ட டிசைன் அபூர்வம், கிடைத்தால் எடுக்கலாம். பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் சேர்ந்த ஆண்டு அது. அங்குள்ள பலகையில் அவர் தலையில் இருப்பது ரேஞ்சர்ஸ் தொப்பி, எனவே படத்தில் ஆஸ்ட்ரோஸ் தொப்பி இருந்தால் தவறு. 1993 செப்டம்பரில் சியாட்டிலில் முழங்கை தசைநார் அறுந்து 46 வயதில் ஆட்டம் முடிந்தது. பிறகு மாட்டுப் பண்ணை, வங்கி என்று இருந்துவிட்டு, 2008-இல் அதே ரேஞ்சர்ஸுக்குத் தலைவராக வந்தார். 2010, 2011 இரண்டு வருஷமும் அணி இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் வரை போய்த் தோற்றது. மாடு வளர்க்கிற ரயனை வைத்து ஒரு டிசைன் போட்டால் காங்கேயம் பக்கம் நன்றாக ஓடும். ஏனோ யாரும் போடவில்லை.

சைஸ் அமெரிக்கக் கணக்கு. எல் என்றால் விரித்து வைத்து அக்குளுக்கு அக்குள் 22 இஞ்ச் வரை இருக்கும், நம்மூர் 'எல்' சைஸைவிடப் பெரியது. லேபிளை நம்பாமல் டேப் வைத்து அளங்கள். லேபிள் வெட்டியிருந்தால் அது சர்ப்ளஸ்தான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். லோக்கல் பீஸிலும் வெட்டித்தான் தொங்கவிடுகிறார்கள். ஹோலோகிராம் ஒட்டாததை ஒரிஜினல் லைசென்ஸ் சரக்கு என்று விலை ஏற்றிச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

துவைக்கும்போது உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில் தனியாக. ஊறப்போடக் கூடாது. உப்புத் தண்ணீர் போர்வெல் வீட்டில் பார் சோப்பைத் தவிர்த்து லிக்விட் போடுங்கள், இல்லையென்றால் வெள்ளை பாடி சீக்கிரம் மங்கிப்போகும். பிரிண்ட்டின் மேல் நேராக அயர்ன் வைக்க வேண்டாம்.